உருகாத வெள்ளை

குனிவதுதான் என் வேலை.
வில்யாந்தியில் யார் இறந்தாலும்
கறுப்பு ஓவர்கோட்டில் பெட்டியின் கால்மாட்டில் நின்று
தலையை ஒரு சாண் தாழ்த்த வேண்டும்,
அளவாக, ஆறு விநாடி.
குனியும்போதெல்லாம்
கொட்டியது.

வெளியே என்றால் கவலையில்லை.
நவம்பரிலிருந்து மார்ச் வரை
எல்லார் தோளிலும் வெள்ளைதான்.
என்னுடையதும் வானத்திலிருந்து வந்ததென்றே
ஊர் எடுத்துக்கொள்ளும்.
தேவாலயத்துக்குள் கணப்பின் சூட்டில்
மற்றவர் தோள்கள் ஒவ்வொன்றாய் நனைந்து கறுக்கும்.
என்னுடையது மட்டும்
அப்படியே இருக்கும்.

மரவியாபாரி காலேவை அடக்கம் செய்த அன்று
அவர் மனைவி ஹில்யா,
அதுவரை அழாதவள்,
கையுறையைக் கழற்றி
என் இடது தோளை மூன்று முறை தட்டினாள்.
அவள் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்தார்கள்.
நானும் அப்படி நினைக்கத்தான் பார்த்தேன்.

பத்து வருடமாய் என்ன செய்யவில்லை?
அழுக்கென்று நம்பி
தினமும் கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தேய்த்தேன்.
நகத்தால் உரித்தேன், சீப்பில் ரத்தம்.
துணியில் ஒட்டிக்கொள்ளும் அந்த முள்காய்ச் செடியின்
வேர் எண்ணெயைச் சந்தையில் லெம்பித் கொடுத்தான்,
இரவெல்லாம் ஊறவைத்தேன்.
விடிந்தால் தலையணை
மாவு சலித்த பலகை.

மருந்துக்கடையில் த்ரீனு
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
தலையைப் பார்க்குமுன் என் புருவத்தைப் பார்த்தாள்,
பிறகு மூக்கின் இரு ஓரங்களை.
அங்கேயும் சிவந்து செதில் கட்டியிருந்ததை
நான் பனிக்காற்றின் கணக்கில் எழுதியிருந்தேன்.

"அழுக்கில்லை, ஹெல்துர்.
தலைக்குத் தலை குடியிருக்கிற ஒரு பூஞ்சை.
எனக்கும் உண்டு, மேயருக்கும் உண்டு.
தோலில் ஊறும் எண்ணெயைத் தின்று பிழைக்கிறது.
சிலருடைய தோல் பொறுத்துக்கொள்ளும்.
உங்களுடையது கோபித்துக்கொண்டு
முற்றாத தோலையும் கழற்றி எறிகிறது.
நீங்களோ ராத்திரி ராத்திரியாய்
அதற்கு விருந்து வைத்திருக்கிறீர்கள்."

"ஒட்டுமா?" என்றேன்,
ஹில்யாவின் வெறுங்கையை நினைத்து.
"ஒட்டாது."
எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்
கம்பளித் தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள்.
த்ரீனு குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.
அது எனக்காக இல்லை.

கீட்டோகோனசோல் ஷாம்பு, சின்னக் குப்பி.
வாரம் இருமுறை, நாலு வாரம்.
முடிக்கல்ல, மயிர்க்கால்களுக்கு.
நகமல்ல, விரல்நுனி.
"நுரைத்ததும் கழுவிவிடாதீர்கள், ஐந்து நிமிடம் விடுங்கள்.
அடங்காவிட்டால், புண்ணாகிச் சீழ் வைத்தால்,
முடி திட்டுத்திட்டாய் உதிர்ந்தால்
டாக்டரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்."

"ஒரேயடியாய் இதைத் தலைமுழுகிவிட முடியாதா?"
சில்லறையை எண்ணியபடியே சொன்னாள்:
"தலைமுழுகிவிட முடியாது.
தலைமுழுகிக்கொண்டே இருக்கலாம்."

ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம்!
அடுத்தவர் சாவுக்கு அசையாமல் நிற்கத் தெரிந்தவன்
குளியலறைக் கடிகாரத்தின் எதிரே
நுரை காதில் வழிய
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

முதல் வாரம் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் அரிப்பு போனது,
போனதே இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.
நாலு வாரமும் முடிந்த தெம்பில்
குப்பியை அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன்.
ஜனவரியில் திரும்பி வந்தது,
வாடகை பாக்கி வைக்காத குடித்தனக்காரன்போல
உரிமையோடு.
இப்போது வாரம் ஒருநாள், ஞாயிறு,
சண்டை இல்லாத ஏற்பாடு.

நேற்று பள்ளி இசை ஆசிரியர் ஒருவருக்கு.
பெட்டியின் கால்மாட்டில் குனிந்தபோது
தோளில் ஒரு வெண்புள்ளி.
திக்கென்றது.
கையை எடுக்கக் கூடாது, அது எங்கள் ஒழுங்கு.
மூன்று, நான்கு.
முன்வரிசையில் ஹில்யா இருந்தாள்,
அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஐந்து, ஆறு.

நிமிரவில்லை நான்.
ஏழாவது விநாடியில்
உருகியது.